சீட்டுள்ள மண், சீட்டில்லாத சாரதி

கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் செம்மண் மேட்டிலிருந்து புறப்பட்டு, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பைத் தொட்டு, சேத்தியாத்தோப்பின் களிமண் வயல்களில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்பிப் புவனகிரியைக் கடந்து சிதம்பரத்தை அடைந்து, வல்லம்படுகையில் கொள்ளிடத்தின் மணற்பரப்பைக் காணும் பிரயாணி, ஒரே ஜில்லாவுக்குள் நால்வகைப் பூமியைக் கண்டுவிடுகிறான். அந்த நால்வகையும் பிறந்த இடத்தில் கிடக்க விடப்படாமல் வேறிடத்துக்குப் பெயர்க்கப்படுவதையும், பெயர்க்கும் வாகனம் பெரும்பாலும் டிப்பர் லாரியாகவே இருப்பதையும் கண்டுவிடுகிறான். மேட்டுக் கிராவல் சாலைக் கரைக்குப் போகிறது. மணல் வீடுகளுக்குப் போகிறது. ஏரி வண்டல் வயலுக்குப் போகிறது. இவை போதாமல் விழுப்புரம் ஜில்லாவின் திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி தெற்கே வருகிறது. ஆற்று வண்டலால் அமைந்த சிதம்பரம் பிரதேசத்தில் கல் கிடையாது. தில்லைக் கோபுரங்களின் அடித்தளத்துக்கே கல் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்னும்போது, இக்காலத்துக் கான்கிரீட் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு மண்ணையும் சுமந்து செல்லும் மனிதரின் உத்தியோகம் எத்தன்மையது, அதை அவர் எவ்வாறு அடைகிறார், அடைந்ததை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். விசாரிக்க விசாரிக்க என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. அவருடைய வண்டியில் ஏறும் மண்ணுக்குச் சட்டம் ஒரு சீட்டு வைத்திருக்கிறது. எந்தக் குவாரியில் எடுத்தது, எத்தனை யூனிட், எந்த வண்டி, எந்த நேரத்துக்குள் சேர வேண்டும் என்பன அந்த நடைச்சீட்டில் கிரமமாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதருக்கோ, இன்னாரிடம் இன்ன சம்பளத்தில் இன்ன தேதியிலிருந்து வேலை செய்கிறார் என்று சொல்லும் காகிதம் ஒன்றும் கிடையாது. அவருடைய ஜீவனத்தின் ஏற்றத்தாழ்வுகள் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

டிப்பர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் என்று இப்பக்கத்தில் ஒன்றும் பிரசித்தமாக இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சாலையில் செலுத்தக் கற்பிக்கும். ஆனால் டிப்பரின் வித்தை சாலையில் அன்று, மண்ணைக் கொட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பழைய வழி கிளீனராகச் சேர்வது: தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, வண்டி பின்னால் வரும்போது கையைக் காட்டிக் குரல் கொடுப்பது, பிறகு டிரைவர் அண்ணன் சாப்பிடப் போகும் வேளையில் காலி வண்டியைக் குவாரிக்குள்ளேயே நகர்த்திப் பார்ப்பது. இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லாமையால், அந்தச் சம்பளமில்லாப் பள்ளிக்கூடமும் குறைந்து வருகிறது. சட்டத்தின் வழி வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வாகனம் ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுமுன் இலகு ரக வாகன உரிமம் ஓராண்டாவது கையில் இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று முன்பிருந்த நிபந்தனையை மத்திய அரசு 2019-இல் நீக்கிவிட்டது. படிப்பை இடையில் விட்டவர்களுக்குக் கதவு திறந்தது என்று அதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. கதவு திறந்ததென்னவோ உண்மை, ஆனால் உள்ளே நாற்காலிகள் அதனால் அதிகமாகிவிடவில்லை.

கொட்டும் வித்தையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெளியார் அதை ஒரு நெம்புகோலை இழுக்கும் காரியமாகவே நினைக்கிறார்கள். பெட்டி மேலே எழ எழ வண்டியின் பாரமையம் உயர்கிறது. பின்சக்கரங்களில் ஒன்று புதுமண்ணில் நான்கு விரற்கடை இறங்கினாலும் போதும், தூக்கிய பெட்டியோடு வண்டி பக்கவாட்டில் சாயும். உலர்ந்த மணல் தானாகச் சரிந்துவிடும். மழையில் நனைந்த களிமண் பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு, மறுபாதி மட்டும் இறங்க, பாரம் ஒருபுறமாகிவிடும். அப்போது பெட்டியை இறக்கிவிட்டு மண்ணைக் கிளறுவதே முறை; அவசரக்காரர்கள் வண்டியை முன்னும் பின்னும் உலுக்குகிறார்கள். தலைக்கு மேல் மின்கம்பி போவதைப் பாராமல் பெட்டியைத் தூக்கினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டிவிட்டுப் பெட்டியை முழுவதும் இறக்காமலே வண்டியை நகர்த்துவது அதே விபத்துக்கு இன்னொரு வழி. நல்ல டிரைவர் என்று இத்தொழிலில் பெயர் எடுப்பவர் வேகமாக ஓட்டுபவரல்லர். பெட்டியைத் தூக்குமுன் இறங்கித் தரையை ஒரு முறை மிதித்துப் பார்ப்பவர்.

இந்தப் பெயர்தான் வேலை தேடித் தருகிறது. ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருப்பவர்கள் உண்டு. அரசுத் துறையில் ஓட்டுநர் பணியிடம் வந்தால் அழைப்பு வரக்கூடும் என்று வருஷக்கணக்காகப் புதுப்பித்து வருகிறார்கள். ஆனால் தனியார் டிப்பரில் ஏறுவதற்கு அந்த வாசல் வழியாக யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. டயர்க் கடை, எடைமேடை, டீசல் பங்க், லேத் பட்டறை, சாலையோரத்து டீக்கடை ஆகிய இவைதாம் உண்மையான வேலைவாய்ப்பு ஸ்தாபனங்கள். ஓர் ஓனருடைய டிரைவர் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார்; வண்டி நிற்கக் கூடாது; மெக்கானிக்கிடம், "ரெண்டு நாளுக்கு ஆக்டிங் டிரைவர் யாராச்சும் இருக்காங்களா?" என்ற கேள்வி வருகிறது, மெக்கானிக் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்த இரண்டு நாளில் கிளட்சைக் கருக்காமல், டீசலைக் குறைக்காமல், நேரத்துக்கு வண்டியை எடுத்தவருடைய எண் ஓனரின் கைபேசியில் தங்கிவிடுகிறது. ஆக்டிங்காக நுழைந்து நிரந்தரமாவது இத்தொழிலின் ராஜபாட்டை. நிரந்தரம் என்பதும், மறுபடி நிற்கச் சொல்லும்வரை என்ற அர்த்தத்தில்தான்.

நிற்கச் சொல்வதற்குக் காரணம் டிரைவரின் குற்றமாக இருப்பது அபூர்வம். அது பெரும்பாலும் வானத்திலிருந்தோ அரசாங்க உத்தரவிலிருந்தோ வருகிறது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால், கெடிலமும் பெண்ணையும் வெள்ளாறும் கொள்ளிடமும் நீர் கொண்டு, குவாரிப் பாதைகள் சேறாகி, செங்கற் சூளைகள் அணைந்து, வண்டிகள் கொட்டகையில் நிற்கும். பொங்கலுக்குப் பிறகுதான் தொழில் மறுபடி மூச்சு விடும். வெயிற்காலத்தில், வறண்ட ஏரிகளின் வண்டலை எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி கிடைக்கும்போது சில வாரங்கள் வேலை குவிகிறது. 2024-இல் அந்த அனுமதியைத் தாசில்தார் அளவிலேயே பெறலாம் என்று அரசு இலகுவாக்கியது, பயிர் செய்பவருக்கு ஆன உபகாரமாகவே பேசப்பட்டது. டிப்பர்காரருக்கும் அது உபகாரமே.

உத்தரவுகளின் சரித்திரமோ இன்னும் விசித்திரமானது. ஆற்று மணலைத் தனியார் குத்தகையிலிருந்து எடுத்து, 2003 அக்டோபர் முதல் பொதுப்பணித் துறையின் கையில் ஒப்படைத்தது தமிழ்நாடு அரசு. 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகளில் அதற்காகவே 38-ஏ என்றொரு விதி நுழைந்தது. அன்று முதல் ஒரு குவாரி திறப்பதும் மூடுவதும் கோட்டையின் விஷயமாகவும், சுற்றுச்சூழல் அனுமதியின் விஷயமாகவும், உயர்நீதிமன்றத்தின் விஷயமாகவும் ஆகிவிட்டது. 2023 செப்டம்பரில் மத்திய அமலாக்கத் துறை மணற் குவாரிகளில் சோதனை நடத்திய பின் அரசு மணல் விற்பனை பெரும்பாலும் முடங்கிப்போயிற்று. மணல் ஓட்டியவர்கள் எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் மாறினார்கள். 2025 ஏப்ரலில் கனிமம் உள்ள நிலத்துக்கான புது வரியை எதிர்த்துக் கல் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தக் கிளையும் சில நாள் ஒடிந்தது. இந்த வாதப் பிரதிவாதங்களில் எந்தக் கட்சி நியாயமானது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. ஆறு சுரண்டப்பட்டதும் உண்மை, சுரண்டலைத் தடுக்க வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் ஒவ்வொரு தடையின் போதும் முதலில் வருமானம் இழந்தவர் எந்த மனுவிலும் கட்சிக்காரராக இல்லாதவர் என்பதைக் குறித்துவைப்பது ஆய்வாளனின் கடமை.

பெரிய நிர்மாணங்கள் வரும் காலம் ஒரு தனி யுகம். விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து பண்ணுருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையும் நான்கு வழிகளாக விரிக்கப்பட்டபோது, வெள்ளம் தேங்கும் இப்பூமியில் சாலையை உயரமான கரைமேல் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தமையால், மண்ணுக்கு இருந்த தேவை அளவிடற்கரியது. அப்போது ஆக்டிங் என்ற பேச்சே இல்லை, லைசென்ஸ் உள்ளவர் எல்லோரும் நிரந்தரம். தஞ்சாவூர்ச் சாலையின் வேலை ஆண்டுக்கணக்காகத் தேங்கியபோது அதே வண்டிகள் தவணை கட்ட முடியாமல் நின்றன. பரங்கிப்பேட்டைப் பக்கத்து அனல்மின் நிலையம் கட்டப்பட்ட காலத்திலும் இப்படி ஓர் எழுச்சி இருந்தது. கடலூருக்குத் தெற்கே எழும்பிக்கொண்டிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோ 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையேறிய தானே புயலில் சிதைந்து, அதற்குப் பிறகு நிமிரவேயில்லை.

இனி நெய்வேலி. தம் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டதை அரசினரின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஜம்புலிங்க முதலியாரின் கதை இப்பக்கத்தில் குழந்தைகளும் அறிந்தது. 1956-இல் கம்பெனி பதிவாகி, 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. இடைப்பட்ட நான்கு வருஷங்கள் முழுவதும் மேலே கிடந்த மண்ணை அகற்றுவதிலும், கீழே அழுத்தத்தோடு நின்ற ஊற்றுநீரை இறைப்பதிலும் போயின. இன்றும் ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். இவ்வளவு மண் பெயர்க்கப்படும் இடம் டிப்பர் சாரதிகளின் சுவர்க்கமாக இருக்க வேண்டுமென்று நாம் ஊகிப்போம், நடப்பது நேர்மாறு. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத ஜெர்மன் யந்திரங்கள் இடைவிடாமல் வெட்ட, வெட்டிய மண் ரப்பர்ப் பட்டையில் ஏறி, மைல்கணக்கில் ஓடி, தோண்டி முடித்த பள்ளத்தில் தானே விழுகிறது. விட்டு விட்டு வரும் லாரியை நம்பியிருந்தால் அந்த யந்திரத்துக்குத் தீனி போதாது. ஆகவே சுரங்கத்தின் இருதயத்தில் டிரைவர் என்ற மனிதருக்கு இடம் மிகக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கங்களில் ஆளில்லாத ராட்சத லாரிகள் ஓடுவதை இக்காலத்து அதிசயமாக எழுதுகிறார்கள். ஆளைக் குறைக்கும் அந்த வேலையை நெய்வேலியின் பட்டை அறுபது வருஷங்களுக்கு முன்பே சத்தமில்லாமல் செய்துவிட்டது.

மிஞ்சுவது ஓரங்கள். பட்டை எட்டாத மூலைகளில் மண் அள்ளும் டம்பர்கள், சாம்பல் ஏற்றிச் செல்லும் லாரிகள், வெளித் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படும் நிலக்கரியைச் சாலை வழியே கொண்டுபோகும் வண்டிகள், மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணலைப் பிரிக்கும் புது முயற்சியால் வரக்கூடிய நடைகள் ஆகிய இவற்றில் ஒரு பகுதி நிரந்தரத் தொழிலாளர் வசமும், பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் வசமும் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளராகச் சுரங்க டம்பரை ஓட்டுபவருக்கு நியமன ஆணை, சீருடை, மருத்துவம், குடியிருப்பு, ஓய்வூதிய நிதி எல்லாம் உண்டு. சுவருக்கு வெளியே அதே பளுவை ஓட்டுபவருக்கு நடைக்கு இவ்வளவு என்ற பேட்டா உண்டு. நிலம் கொடுத்த குடும்பங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டுவரும் 'வீட்டுக்கு ஒரு வேலை' என்பது இந்த முதலாவது நாற்காலியைத்தான், இரண்டாவதையல்ல. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலை அல்லது குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் அல்லது இருபது வருஷங்களுக்கு மாதம் குறைந்தது ரூ. 2,000 என்று மூன்று வழிகளைச் சொல்கிறது. பட்டைகள் ஆளைக் குறைத்த ஸ்தாபனத்தில் முதல் வழி குறுகிக்கொண்டே வந்ததில் ஆச்சரியமில்லை. தொகையைப் பெற்றவர்களில் சிலர் அதையே முன்பணமாக வைத்து ஒரு டிப்பர் வாங்கி, தாங்கள் இழந்த மண்ணைப் போன்ற வேறொருவர் மண்ணைச் சுமக்கப் புறப்பட்டதிலும் ஆச்சரியமில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்கு நடுவே சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட யந்திரங்கள் இறங்கியபோது நாடே கொதித்தது. அந்த யந்திரங்களின் ஆசனத்தில் இருந்தவர்களும் தினக்கூலிக்கு வந்தவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பதை அந்தக் கொதிப்பில் நினைத்தவர் சிலரே.

கூலிக்கு வருவோம். நடைக் கணக்கில் பேட்டா கொடுப்பது ஓனருக்கும் டிரைவருக்கும் ஒருங்கே வசதியான ஏற்பாடு போலத் தோன்றும். அதன் விளைவைக் கணக்குப் போட்டால்தான் விபரீதம் புலப்படும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். நனைந்த மணலானால் அதன் எடை ஏறக்குறைய 5 டன். மூன்று அச்சுகள் கொண்ட பத்துச் சக்கர வண்டிக்குச் சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை, 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்ட பின்னும், வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் 17, 18 டன்னுக்குத்தான் இடம் வைக்கிறது. ஆகவே நான்கு யூனிட் ஈர மணலே வரம்பைத் தாண்டுகிறது. ஐந்து ஏற்றினால் பிரேக்கும் பாலமும் தெய்வத்தின் பொறுப்பு. ஆயினும் ஐந்து ஏற்றாவிட்டால் டீசலும் தவணையும் கட்டாது என்பது ஓனரின் கணக்கு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. இங்கே சட்டத்தைக் குறை சொல்ல முடியாது: டிரைவர் சொந்தக்காரராக இல்லாதபோது, அந்த அதிக பாரம் ஓனருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின்படியே ஏற்றப்பட்டதாக நீதிமன்றம் அநுமானிக்கலாம் என்று 113-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நள்ளிரவில் சோதனைச் சாவடியில் நிற்பது அநுமானமல்ல, டிரைவர்.

நடைச்சீட்டு இல்லாத மணலில் இந்த நிலை இன்னும் கடுமை. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின்படி வண்டி பறிமுதலுக்கு உள்ளாகும். அதற்கு மேல் ஆற்று மணல் அரசின் சொத்து, அதை எடுப்பது திருட்டு என்று தண்டனைச் சட்டத்தின் கீழும் வழக்குத் தொடரலாம் என உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்திவிட்டது. இரண்டு வழக்கிலும் முதலில் கிடைக்கும் ஆசாமி ஸ்டியரிங்கில் இருப்பவர். வண்டியை மீட்க ஓனர் வக்கீல் வைப்பார். ஆளை மீட்க ஆளின் மனைவி நகையை வைக்க வேண்டும். இரவு நடைக்குப் பேட்டா இரட்டிப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். வேலை தேடும் இளைஞருக்குப் பழைய டிரைவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, சம்பளத்தைக் கேட்குமுன் சீட்டைக் கேள் என்பது. அதைக் கேட்கத் துணிந்தவரை மறுமுறை கூப்பிடுவார்களா என்பது வேறு கேள்வி.

தொழிலாளர் சட்டங்கள் இவரைக் காணவில்லையா என்று வாசகர் கேட்கலாம். கண்டன, ஆனால் தலைகளை எண்ணிவிட்டு நகர்ந்தன. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்குப் பின் ஓய்வு என்று மிகவும் தர்மமான ஏற்பாடுகளைச் செய்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அவை உரியவையாக இருந்தன. இப்பக்கத்து ஓனர்களில் பலரிடம் ஒரு வண்டி, மிஞ்சினால் இரண்டு. அவர்களே நேற்றுவரை டிரைவர்களாக இருந்து, ஃபைனான்ஸில் கடன் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தை அடமானமாக விட்டுவைத்தவர்கள். சுரங்கச் சட்டத்தின் பாதுகாப்பாவது கிடைக்குமா என்றால், மணல், கிராவல், சாதாரண மண் போன்றவற்றைத் தோண்டும் திறந்தவெளிக் குவாரி ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டாமலும், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடி வைக்காமலும் இருந்தால், 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெரும்பாலான விதிகளிலிருந்து அதற்கு விலக்கு அளித்துவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று முதன்முறையாகப் பொதுவிதி செய்திருக்கிறது. நான் ஆவலோடு அதைப் படித்தேன். மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு அது வைத்திருக்கும் எல்லை பத்துத் தொழிலாளர். பழைய சட்டத்தின் ஐந்து என்ற வாசற்படி இன்னும் ஐந்து படி உயர்ந்துவிட்டது.

உள்ளூரில் இந்நிலை பொறுக்காதவர்கள் கடல் கடக்கிறார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போவது பழைய வழக்கமாகையால், விசா தேடித் தரும் உறவினர் எப்படியும் அகப்படுவார். பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு விழும்; அதனால் அவருடைய ஒப்பந்தம் பயணத்துக்கு முன் அதிகாரியின் கண்ணில் படுகிறது. 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது; தரகரைத் தவிர்க்க விரும்புவோர் அதில் பதிந்துகொள்ளலாம். சிதம்பரத்தில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவருடைய பெயர் முதன்முதலாக ஒரு வேலை ஒப்பந்தத்தில் அச்சாவது, அரபு மொழியில் என்பது விநோதந்தான்.

உள்ளூரிலேயே தங்கியவருக்குத் தலையை எண்ணாத சட்டமும் ஒன்று இருந்தது: 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் சாரம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு டிரைவரை வைத்திருக்கும் ஓனரும் அதற்குக் கட்டுப்பட்டவர். வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அந்தப் பொறுப்பில் பங்கேற்கிறது. வேலையில் இறந்தவருடைய மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்குவதே அதன் முறை. நாற்பது வயதுக்கு அந்தக் காரணி 184.17. சட்டம் ஏற்ற உச்சவரம்பான ரூ. 15,000-ஐச் சம்பளமாகக் கொண்டால் ரூ. 13,81,275 வருகிறது. கணக்கு சுலபமானது. வழக்கு நீள்வது வேறு இடங்களில்: இறந்தவர் அன்று ஓனருடைய ஊழியர்தானா, அல்லது ஒரு நாளைக்கு வந்த ஆக்டிங்கா, அவருடைய உரிமம் அந்த ரகத்துக்குச் செல்லுபடியாயிருந்ததா, நடைக் கணக்கில் கையில் வாங்கிய பேட்டாவுக்கு மாதச் சம்பளம் என்று எந்தத் தொகையை எழுதுவது. தொழிலாளர் துணை ஆணையர் முன் முதல் கேள்விக்கு விடை தேடும்போது வக்கீல்கள் கடைசியில் கையில் எடுப்பது, விபத்தன்று வண்டியிலிருந்த மண்ணின் நடைச்சீட்டை. வண்டி எண்ணும் நேரமும் அதிலாவது எழுதியிருக்குமே என்று.